அத்திம்பேரின் இட்லிக் கணக்கு

உலகத்தில் எண்ணுவதற்கு எத்தனையோ இருக்கின்றன. நட்சத்திரத்தை எண்ணலாம், கடல் அலையை எண்ணலாம், அடுத்த வீட்டுக்காரர் கட்டும் மாடிக்கு எத்தனை வண்டி செங்கல் வந்தது என்றுகூட எண்ணலாம். பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை சாப்பிடும் இட்லியை மட்டும் எண்ணக்கூடாது. இது பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவனுக்கும் தெரியும். பி.ஏ.யில் கணிதம் எடுத்துப் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

நான் எண்ணினேன். எண்ணியதோடு நிற்காமல் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்தேன்.

முப்பதுகளில் நடந்த விஷயம். எனக்குப் பத்தொன்பது வயது. மயிலாப்பூர் மாட வீதிக்காரர்கள் சேர்ந்து ஒரு கால்பந்து கிளப் வைத்திருந்தோம். கிளப் என்றால் ஒரு பந்து, அதற்குக் காற்றடிக்க ஒரு பம்பு, பம்பை வைத்துப் பூட்டிய அலமாரி, அவ்வளவுதான். (சாவி வைத்திருந்தவர் ஊருக்குப் போனால் பந்தாட்டமும் ஊருக்குப் போய்விடும்.) செயலாளராக இருந்தவருக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டதால் என்னை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பந்து உதைக்க வராது. ஒரே ஒரு தடவை உதைத்தபோது செருப்புதான் பறந்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் கணக்கு வரும். அந்த வருஷம் கிளப்புக்குக் கணக்கு வருகிற ஆள்தான் தேவைப்பட்டது.

மந்தைவெளி மைதானத்தில் வருஷா வருஷம் ஒரு கேடயத்துக்காகப் பந்தயம் நடக்கும். முந்தின வருஷம் ஒரு பணக்கார கிளப், ஊரில் நன்றாக ஆடுகிறவர்களை எல்லாம் ஜட்கா வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போய், ஆளுக்கொரு பூட்ஸும் கொடுத்து, எல்லாரையும் துவைத்து எடுத்துவிட்டது. சம்பளம் என்று யாரும் கொடுப்பதில்லை. 'வழிச்செலவு' என்பார்கள். அந்த வழிச்செலவில் சிலர் காசிக்கே போய் வந்திருக்கலாம். ஆகவே பந்தயக் கமிட்டி கூடி ஒரு விதி போட்டது. ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்காக மூன்று ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது. டிபன், டிராம் சார்ஜ், சோடா, வழிச்செலவு எல்லாம் அதற்குள்தான். மீறினால் கேடயம் கிடையாது.

விதி வந்த மறுநாளே பணக்கார கிளப்பின் தலைவர் வீட்டில் ஆட்டக்காரர்களுக்கு 'நவக்கிரக ஹோமச் சாப்பாடு' போட்டார்கள். கமிட்டி மறுபடி கூடிற்று. தலைவர் வீட்டிலோ செயலாளர் வீட்டிலோ ஆட்டக்காரனுக்குப் போடும் சாப்பாடும் கணக்கில் சேரும், அதுவும் ஹோட்டல் விலைக்கே சேரும் என்று இரண்டாவது விதி. ஒரு கிளப் பட்டியலில் சேர்க்காமல் விட்ட ஆட்டக்காரனை வேறு எந்த கிளப்பும் எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்றாவது விதி. இந்த மூன்றாவது விதிக்கு ஆதரவாக முதலில் கை தூக்கியவன் நான். அப்போது கை தூக்கியதற்குப் பதில் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இன்றைய பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. மூன்று ரூபாய் என்றால் நாற்பத்தெட்டு அணா. இட்லி காலணா, காபி ஓரணா. எங்கள் ஆட்டக்காரர்கள் ஆளுக்கு நாலு இட்லி, ஒரு காபி சாப்பிட்டுவிட்டுத்தான் களத்தில் இறங்குவார்கள். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம் என்றார்கள். டிபன்தான் அவர்களுக்குச் சம்பளம்.

இனி அத்திம்பேர். என் அக்கா கமலாவின் கணவர். மாம்பலத்தில், தியாகராய நகர் என்று புதிதாகப் பெயர் வைத்து மனை பிரித்துக்கொண்டிருந்த பக்கம், சின்னதாக வீடு கட்டிக்கொண்டு ரெவின்யூ ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். அதிர்ந்து பேச மாட்டார். ஆள் மட்டும் கோல் கம்பத்துக்குக் கம்பம் நிறைந்து நிற்பார். எங்கள் கோல்கீப்பர் அவர்தான். பந்து அவரைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

அக்கா அப்போது பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வரும் அத்திம்பேர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அக்காவைப் பார்த்துவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போவார். மாப்பிள்ளைக்கு அம்மா இலை போட்டு உட்கார வைத்தால் இட்லிகள் மாயமாகும். பதினாலு இட்லி, இரண்டு காபி. அம்மாவுக்கு அதில் பரம திருப்தி. மாப்பிள்ளை வயிறாரச் சாப்பிடுவதைவிட மாமியாருக்கு வேறென்ன வேண்டும்?

செயலாளர் வீட்டுச் சாப்பாடு கணக்கில் சேரும். செயலாளர் நான்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த கதவுக்குப் பின்னால் நின்று எண்ண ஆரம்பித்தேன். யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. குத்துமதிப்பாக எட்டு இட்லி என்று எழுதியிருந்தால் கமிட்டி கேட்டிருக்கவே கேட்டிராது. ஆனால் எனக்கு அப்போது அரிச்சந்திரனுக்கு அண்ணன் என்று நினைப்பு.

அரையிறுதி ஆட்டத்தன்று ஏழாவது இட்லி இலையில் விழுந்தபோது என் பென்சிலின் முனை உடைந்தது. சத்தம் கேட்டு அத்திம்பேர் திரும்பினார்.

"என்னடா சேது, அங்கே நின்னுண்டு என்ன எழுதறே?"

"ஒண்ணுமில்லை அத்திம்பேர். கிளப் கணக்கு."

"கொண்டா, பார்ப்போம். ரெவின்யூ ஆபீஸ்காரன்கிட்ட காட்டாத கணக்கா?"

கொடுத்தேன். மறைத்திருக்கலாம், ஓடியிருக்கலாம். கணக்கு சரியாக இருக்கும்போது ஏன் மறைக்க வேண்டும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் இடது கையால் பக்கத்தைப் புரட்டிப் படித்தார். நான் எழுதியிருந்தது இன்னும் எனக்கு மனப்பாடம்:

"முதல் ஆட்டம். அத்திம்பேர், இட்லி 14, காபி 2. ஐந்தரை அணா. இரண்டாம் ஆட்டம். இட்லி 14, காபி 2. ஐந்தரை அணா. மூன்றாம் ஆட்டம். இட்லி 13 (ஜலதோஷம்), காபி 3. ஆறேகால் அணா. குறிப்பு: இவர் ஒருவருக்கு ஆகும் செலவில் இரண்டே முக்கால் ஆட்டக்காரர்கள் வைத்துக்கொள்ளலாம்."

அந்தக் குறிப்பை எழுதியபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அத்திம்பேர் நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இலையில் இருந்த ஏழாவது இட்லியைச் சாப்பிட்டு முடித்தார். எழுந்து கை அலம்பிக்கொண்டார். அம்மா கையில் அடுத்த ஈடு இட்லித்தட்டோடு வந்து நின்றாள்.

"என்ன மாப்பிள்ளை, எழுந்துண்டுட்டேளே?"

"போறும்மா. இன்னிக்கு என்னமோ வயிறு ரொம்பிடுத்து."

அவர் படி இறங்கிப் போன பிறகு அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அன்றைக்கு மட்டும் மடமடவென்று படித்தாள்.

"பாவி," என்றாள். "மாப்பிள்ளை எலையை எண்ணின வீடு வெளங்குமாடா? அந்த மனுஷர் இனிமே நம்மாத்துல கை நனைப்பாரா?"

நனைக்கவில்லை. அதுதான் நடந்தது. அக்காவைப் பார்க்க வாரம் இரண்டு நாள் வந்தார். வாசலில் செருப்பை விட்டு, உட்கார்ந்து, எல்லாரையும் விசாரித்து, சிரித்துப் பேசினார். காபி என்றால், "இப்பத்தான் ஆச்சும்மா." மோர் என்றால், "வழியில சாப்பிட்டேன்." தண்ணீரைக்கூட ஒரு வாய்தான் குடித்தார், தம்ளர் நிறைந்தபடியே இருந்தது. கோபித்துக்கொண்டு சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்யலாம். சிரிக்கிற மனுஷரை என்ன சமாதானம் செய்வது?

அக்கா என்னைத் திட்டவில்லை. ஒருநாள் மட்டும் கேட்டாள்: "குழந்தை பொறந்து, பேர் வைக்கற புண்ணியாகவாசனத்தன்னிக்கும் இவர் இப்படிப் பட்டினியாவே எழுந்து போனா, நான் எந்த மூஞ்சியை வெச்சுண்டுடா அவாத்துக்குப் போவேன்?" பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை இப்படிக் கேட்க வைத்தோமே என்று அன்றைக்கு முதல்முறையாக உறைத்தது.

உறைத்தவன் திருந்தினானா என்றால், அதுதான் இல்லை.

அரையிறுதியில் அத்திம்பேர் ஏழு இட்லியோடு ஆடி இரண்டு கோல் விட்டிருந்தார். பதினாலு இட்லி சாப்பிட்ட நாட்களில் ஒரு கோல்கூட விட்டதில்லை. கணிதம் படித்தவனுக்கு இந்த இரண்டு வரி போதாதா? மூன்றுக்கு இரண்டு என்று எப்படியோ ஜெயித்துவிட்டதால் நான் அதைக் கவனிக்கவில்லை. ஜெயிக்க வைத்தவன் சூசை.

சூசை ஊரூர் குப்பத்து மீனவன். அவன் காலில் பந்து ஒட்டிக்கொண்டே வரும். அவனுக்கு எங்கள் இட்லி வேண்டாம், கூலிதான். "ஒரு நாளு கடலுக்குப் போவலன்னா ஒண்ணேகா ரூபா போச்சு சாமி. அத்த நீ குடுத்துடு. பந்த நான் பாத்துக்கறேன்" என்பான். கடலில் ஒரு நாளைக்கு அவ்வளவு கிடைக்காது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒண்ணேகால் ரூபாய், அதாவது இருபது அணா, அவனுக்கே போய்விடும். மிச்சம் இருபத்தெட்டு அணாவில் பத்துப் பேரின் வயிற்றையும் சோடாவையும் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

இறுதி ஆட்டத்துக்கு சூசை ஒரு புது நிபந்தனை போட்டான்.

"என் தம்பி யாகப்பன் கீறான். அவன் பந்த தள்ளிக் குடுத்தாத்தான் எனக்குக் காலு ஓடும். அவனுக்கும் அதே ஒண்ணேகாதான்."

இருவருக்கும் நாற்பது அணா. மிச்சம் எட்டு அணா. அதில் சோடாவுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் போக, மற்ற ஒன்பது பேருக்கு டிபன் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேறு யாராவதாக இருந்தால் தம்பி வேண்டாம் என்றிருப்பார்கள். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். இறுதி ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை ஏகாதசி.

அந்தக் கணத்தில் எனக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. ஏகாதசியன்று உபவாசம் இருப்பவன் இட்லி கேட்க மாட்டான். காபி கேட்க மாட்டான். சிலர் பச்சைத் தண்ணீரும் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு ஆகும் செலவு பூஜ்யம். மயிலாப்பூரில் உபவாசக்காரர்களுக்கா பஞ்சம்?

புதன்கிழமைக்குள் கமிட்டியிடம் பட்டியல் கொடுக்க வேண்டும். தெருத் தெருவாகப் போய், "உங்காத்துல ஏகாதசி உண்டா?" என்று கேட்டு ஆள் சேர்த்தேன். பழைய அணியில் நாலு பேர் உபவாசக்காரர்கள், அவர்களை வைத்துக்கொண்டேன். மற்றவர்களை நீக்கிவிட்டு, சமஸ்கிருதக் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர், நாற்பத்தாறு வயது வக்கீல் குமாஸ்தா ஒருவர் என்று சேர்த்தேன். (குமாஸ்தா, "பந்தாட்டம்னா கையால தொடப்படாதாமே, மடியான ஆட்டம்" என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.) கோலுக்கு, தபாலாபீஸில் வேலை பார்த்த ராகவன். மாத்வர். ஏகாதசியன்று எச்சில்கூட விழுங்க மாட்டார். ஆள் கொஞ்சம் ஒல்லி. பக்கவாட்டில் திரும்பினால் கோலில் யாரும் இல்லை என்று தோன்றும்.

அத்திம்பேரை நீக்கியதை அவரிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தபால் கார்டு போட்டேன். 'செலவு காரணமாக' என்று எழுதினேன். எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்து போகிறவருக்குச் செலவு ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவின் பேறுகாலத்தில், அக்காவின் புருஷருக்கு, இப்படியொரு கார்டு. எழுதிய கையை இன்றைக்கும் சில சமயம் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். இறுதியில் எங்களோடு மோதியது மாம்பலம் அணி. அதில் பெயர் சொல்லும்படியான ஆட்டக்காரன் ஒருவனும் இல்லை. எல்லாரும் இரண்டே தெருவைச் சேர்ந்தவர்கள். நடந்தே வந்தார்கள், யாருக்கும் கூலி கிடையாது. ஆகவே அவர்களுடைய மூன்று ரூபாயும் முழுசாக வயிற்றுக்குத்தான். மர நிழலில் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி இலையில் அத்திம்பேர்.

ஒரு கிளப் விட்ட ஆளை இன்னொரு கிளப் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது விதி. என் கை தூக்கிய விதி.

அவர் என்னைப் பார்த்து எப்போதும்போலச் சிரித்தார். அவர் பக்கத்தில் யாரும் நோட்டோடு நிற்கவில்லை.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பாதியில் எங்கள் ஆட்கள் ஓடினார்கள் என்றே சொல்ல வேண்டும். மாம்பலம் ஒரே ஒரு கோல் போட்டது. இடைவேளையில் நான் சோடாவை நீட்டினேன். ஒன்பது பேரும் என்னை ஒரு பாவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தண்ணீரும் தொடாத நிர்ஜல உபவாசக்காரர்களிடம் சோடா நீட்டியது என் பிழைதான். நாலணா சோடாவும் வீணாயிற்று. எலுமிச்சம்பழத்தை யாகப்பன் மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டான்.

இரண்டாம் பாதியில் மாசி வெயில் சாய்வாக முகத்தில் அடித்தது. முதலில் வக்கீல் குமாஸ்தா கோட்டோரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கண்ணை மூடி விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்தார். சமஸ்கிருதக் கல்லூரிக்காரர்களில் ஒருவன் பந்து வந்தபோது ஒதுங்கி வழி விட்டான். இன்னொருவன் ரெஃப்ரீயிடம் போய், "நாளைக்குத் துவாதசி பாரணை எத்தனை நாழிகைக்கு?" என்று உபவாசம் முடியும் நேரத்தைக் கேட்டான். ராகவன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கம்பத்தைப் பிடித்திருந்தாரா, கம்பம் அவரைப் பிடித்திருந்ததா என்று தெரியவில்லை.

நாற்பது அணா கொடுத்து வாங்கிய அண்ணனும் தம்பியும் நடு மைதானத்தில் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். பந்து அந்தப் பக்கமே வரவில்லை. சூசை என்னிடம் வந்தான்.

"இன்னா சாமி இது, ஒம்போது பேரும் நோம்பா? கடலாண்ட வல இல்லாம நிக்கிற மாதிரி கீது. எனக்குப் பந்த குடுக்க ஒரு ஆளு சோறு துன்னுட்டு வந்திருக்கக் கூடாதா?"

அவனுக்குக் கணிதம் தெரியாது. என் மொத்தத் திட்டத்தில் எங்கே தவறு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

எதிர்க் கோலில் அத்திம்பேருக்கு வேலையே இல்லை. கம்பத்தில் சாய்ந்துகொண்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சுண்டல் சாப்பிட்டார். ஒவ்வொரு கடலையாக எடுத்து, என்னைப் பார்த்தபடி, நிதானமாக வாயில் போட்டுக்கொண்டார். கடைசியில் சூசை தானே பின்னால் போய்ப் பந்தைப் பிடுங்கி வந்து, முழு மைதானத்தையும் தாண்டி ஒரு உதை உதைத்தான். பந்து அத்திம்பேரின் வயிற்றில் பட்டுத் திரும்பிற்று. பொட்டலம்கூடக் கீழே விழவில்லை.

ஏழுக்குப் பூஜ்யம். கேடயம் மாம்பலத்துக்குப் போயிற்று.

எல்லாரும் கலைந்த பிறகு நான் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நான் ஏகாதசி இருப்பவன் இல்லை. ஆனால் கணக்குச் சிக்கனத்தில் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அத்திம்பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். மாம்பலத்தார் மிச்சம் வைத்த இட்லி, மிளகாய்ப்பொடி தடவியது.

"சாப்பிடுடா."

சாப்பிட்டேன். வெட்கம், மானம் ஒன்றும் பார்க்கவில்லை, அவ்வளவு பசி. அவர் வேறு எங்கேயோ, கபாலி கோயில் கோபுரத்தின் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இலை காலியானதும் கேட்டார்:

"எத்தனை சாப்பிட்டே?"

"தெரியல்லை அத்திம்பேர். நான் எண்ணல்லை."

"நானும் எண்ணல்லை," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்தொன்பது வயதுத் தடியன் மைதானத்தில் உட்கார்ந்து மிளகாய்ப்பொடிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியதில்லை. கண் எரிச்சலில் குதித்தேன். அத்திம்பேர் என் வீணாய்ப்போன சோடாவில் ஒன்றை உடைத்து என் முகத்தில் ஊற்றி, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார். என் முகத்தைப் பார்த்து, அவர்தான் அடித்துவிட்டாரோ என்று அம்மா ஒரு கணம் நினைத்தாளாம். "அடிச்சிருந்தாலும் நியாயம்தான்னு நெனச்சேன்" என்று பின்னால் சொன்னாள்.

மறுநாள் துவாதசி காலையில் அத்திம்பேர் எங்கள் வீட்டில் கை நனைத்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரையில் என்னைக் கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். எத்தனை இட்லி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருபது நாள் கழித்து அக்காவுக்குப் பெண் பிறந்தது. புண்ணியாகவாசனத்தன்று மாப்பிள்ளை சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றித் தெருவே பேசிற்று.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் நான் பந்திப் பக்கம் போனால், "கணக்கன் வரான், எலையை மூடிக்கோங்கோ" என்பார்கள். என் பெண்டாட்டி கல்யாணமான மூன்றாம் நாளே இந்தக் கதையை ஐந்து பேரிடம் ஐந்து விதமாகக் கேட்டுவிட்டாள். அக்கா பெண், பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என் முன்னால் சாப்பிட உட்கார்ந்தால் ஒவ்வொரு இட்லிக்கும் சத்தமாக எண் சொல்லுவாள். நான் பிறகு முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அதையெல்லாம் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் அத்திம்பேருக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது மாம்பலத்துக்குப் பார்க்கப் போனேன். பாதி உடம்பாகியிருந்தார். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அக்கா தட்டில் இரண்டே இரண்டு வைத்துக் கொண்டுவந்தாள். அத்திம்பேர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சேது, இப்ப எனக்கு ஆற செலவு அரையணாதான்டா. உன் டீம்ல எடுத்துப்பியா?"

சமையலறைக்குப் போய் இன்னும் இரண்டு இட்லி எடுத்துவந்து அவர் தட்டில் வைத்தேன். அக்கா ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.